கமரா உடலுக்கு வினைல் ஸ்கின்: பற்றரியைக் கழற்றுவது முதல் கடைசி ஓரம் வரை

கமராவுக்கு ஸ்கின், அதாவது உடலின் மேல் ஒட்டும் மெல்லிய வினைல் தாள், ஒட்டுவதில் உண்மையில் ஒட்டுகிற வேலை ஒரு மணி நேரம்கூட இல்லை. மிச்ச நேரமெல்லாம் அதற்கு முன்னால் போகிறது. "அண்ணா, ஓரம் கிளம்புது" என்று என்னிடம் கமராவைக் கொண்டுவருகிறவர்களில் அநேகம் பேர் துடைக்காமல் ஒட்டியவர்கள், அளவு பார்க்காமல் உரித்தவர்கள், அல்லது போதாத இடத்துக்குத் தாளை இழுத்து ஒட்டியவர்கள்.

இந்த இழுப்பைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். வினைல் இழுத்தால் வரும், ஆனால் பழைய அளவை மறக்காது. கொழும்பு வெக்கையில் தாள் ஏற்கனவே இளகித்தான் இருக்கும். ஒரு மில்லிமீற்றர் போதவில்லை என்றால் விரலால் தள்ளினாலே வந்துவிடும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். இரண்டு நாளில் அது தன் அளவுக்குத் திரும்பிப் போகும். போகும்போது ஒரு பசைக் கோட்டை விட்டுப் போகும், அதில் தூசி பிடித்துக் கறுக்கும். நான் முதன்முதலில் ஒட்டியது பாவித்த நிக்கோன் ஒன்றுக்கு. ஒரு கிழமையில் அது கண்மை தீட்டிய முகம் போலாகிவிட்டது.

1. உங்கள் கமரா ஒட்டத் தகுந்ததா

பசை எதைப் பிடிக்கிறதோ அது உறுதியாக இருக்க வேண்டும். உடல் மக்னீசியக் கலப்புலோகமா பொலிகாபனேற் பிளாஸ்டிக்கா என்பது பெரிய விஷயமில்லை. மேலே உள்ள பெயின்ற் நன்றாக இருந்தால் இரண்டிலும் பிடிக்கும். பெயின்ற் பொரிந்து உதிரும் கமராவில் ஒட்டினால், கழற்றும் நாளில் ஸ்கின்னோடு பெயின்றும் வரும்.

பழைய கமராக்கள் சிலவற்றில் மெல்லிய இறப்பர் போன்ற பூச்சு இருக்கும். நம்முடைய ஈரக் காற்றில் சில வருடங்கள் போனதும் அது பிசுபிசுக்கத் தொடங்கும். பெருவிரலை அழுத்தி எடுங்கள். ரேகை பதிந்தால் அங்கே ஒட்டாதீர்கள். உங்கள் பசை பிடிப்பது அந்தப் பிசுபிசுப்பைத்தான், உடலை அல்ல.

கைப்பிடி இறப்பரை நான் மூடுவதில்லை. சில ஸ்கின் செட்டுகளில் அதற்கும் துண்டு வரும். சொரசொரப்பான இறப்பரில் தாள் தொடுவது மேடுகளை மட்டும். அதோடு நாள் முழுக்க உள்ளங்கை வியர்வை படும் இடமும் அதுதான். கலியாண வீட்டில் ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் அந்தத் துண்டு கையோடு வந்துவிடும்.

ஒட்டுவதற்கு நல்ல நேரம் கமரா புதிதாக இருக்கும் நேரம். கீறல் விழுந்தபின் மறைக்க ஒட்டலாம்தான், ஆனால் ஆழமான கீறலும் நசுக்கலும் தாளுக்கு மேலாலும் தெரியும்.

2. செட்டாக வாங்குவதா, தாளாக வாங்குவதா

சொனி, கெனன், நிக்கோன் ஆகியவற்றின் புதிய மொடல்களுக்கு மெசினில் வெட்டிய செட்டுகள் வெளிநாட்டிலிருந்து கிடைக்கின்றன. உங்கள் மொடலுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். ஓடர் செய்யும்போது மொடல் பெயரை முழுதாகப் பாருங்கள். "மார்க் இரண்டு", "மார்க் மூன்று" என்று ஒரே பெயரில் வரும் கமராக்களில் ஒரு பட்டன் இடம் மாறியிருந்தாலும் அந்தத் துண்டு உதவாது.

நம்மில் பலர் கையில் இருப்பது பழைய டிஎஸ்எல்ஆர். அதற்கு அநேகமாகச் செட் கிடைக்காது, தாள் வாங்கித்தான் வெட்ட வேண்டும். பஞ்சிகாவத்தை, மருதானைப் பக்கம் ஓட்டோவுக்கும் வானுக்கும் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளில் கேளுங்கள். வாகன வினைல் பொதுவாக 152 சென்ரிமீற்றர் அகல றோலில் வரும். ஒரு கமராவுக்கு இரண்டு ஏ4 அளவு தாராளம், பிழை விடுவதற்கும் சேர்த்து. றோல் முடிவில் மிஞ்சும் துண்டைக் கேட்டால் சில கடைக்காரர்கள் காசுகூட வாங்குவதில்லை.

ஆனால் எந்த வகைத் தாள் என்று கேட்டு வாங்க வேண்டும். "காஸ்ட்" என்பது பிவிசியைத் திரவமாக ஊற்றிச் சூடாக்கி எடுத்தது. ஊற்றியபோதே அந்த அளவில் உருவானதால் அதற்குத் திரும்பிப் போக வேறு அளவு இல்லை. "கலண்டர்" என்பது சூடான பிவிசியை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி இழுத்தது. அந்த இழுவை உள்ளேயே இருக்கும், காலப்போக்கில் சுருங்கும். பெயர்ப்பலகைக்குக் கலண்டர் போதும். கமராவின் வளைவுகளுக்குக் காஸ்ட்தான் சரி. த்ரீஎம் நிறுவனத்தின் 2080 வரிசை போன்ற வாகன உறைத்தாள்கள் காஸ்ட் வகை. பசையில் காற்று வெளியேறக் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்களும் இருக்கும்.

கடைக்காரரின் வார்த்தையில் சந்தேகம் என்றால் ஒரு சதுரத் துண்டை யன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெயில் படும்படி நாலைந்து நாள் விடுங்கள். சுற்றிவரப் பசைக் கோடு தெரிந்தால் அது சுருங்கும் சாமான்.

நிறம் உங்கள் விருப்பம், ஆனால் இரண்டு சொல்லிவிடுகிறேன். பளபளக்கும் சிவப்பும் வெள்ளையும் கண்ணாடிக் கதவு வழியாகப் படம் எடுக்கும்போது அதே கண்ணாடியில் தெரியும். இராணுவப் பச்சை வடிவத்தை நான் யாருக்கும் ஒட்டிக் கொடுப்பதில்லை. கோட்டைப் பக்கம் கமராவோடு நிற்பவனைக் காவலுக்கு நிற்பவர்கள் ஏற்கனவே இரண்டு தடவை பார்க்கிறார்கள். மூன்றாவது தடவையும் பார்க்க வைப்பானேன்?

3. மேசையில் இருக்க வேண்டியவை

ஐசோப்ரொப்பில் அல்கஹோல், மைக்ரோஃபைபர் துணி மூன்று, காற்றுப் பந்து (அமுக்கினால் காற்று ஊதும் இறப்பர் பந்து), மெல்லிய டூத் பிரஷ், மாஸ்கிங் டேப், உடைத்து உடைத்துப் பாவிக்கும் பிளேட் கட்டர், ட்வீசர், ஹெயார் டிரையர், பழைய வங்கி அட்டை ஒன்று, மடித்த துவாய். புறக்கோட்டையில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கிடைக்கும். முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் அல்கஹோலைக் கேளுங்கள், போன் திருத்துபவர்கள் பாவிப்பதும் அதையே.

பார்மசியில் விற்கும் ஸ்பிரிட் சிலவற்றில் தோலுக்காக எண்ணெய் சேர்த்திருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். வட்டமாகப் படலம் தெரிந்தால் அது உதவாது. கைக்குப் பூசும் சானிடைசர் ஜெல்லும் அப்படியே, அதில் உள்ள கிளிசரின் காயாமல் தங்கும். நகப்பூச்சு நீக்கி, தின்னர், பெற்றோல் மூன்றையும் அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அசற்றோன் பட்ட பிளாஸ்டிக் கரைந்து வெளுக்கும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

வங்கி அட்டையின் ஒரு ஓரத்தைத் துணியால் சுற்றி டேப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் அட்டையால் அழுத்தினால் மங்கல் நிறத் தாளில் பளபளப்பான கோடுகள் விழும்.

4. அச்சு எடுப்பது

செட் வாங்கியவர்கள் இதைத் தாண்டி ஐந்துக்குப் போகலாம். தாளாக வாங்கியவர்களுக்கு முழு வேலையின் அரைவாசி இங்கேதான்.

மாஸ்கிங் டேப்பைப் பட்டை பட்டையாக, ஒன்றின்மேல் மற்றது பாதி ஏறும்படி, மூட வேண்டிய பகுதி முழுவதும் ஒட்டுங்கள். குறுக்காக இன்னொரு அடுக்கு. இரண்டடுக்கு வேண்டியது ஏனென்றால் ஒற்றை அடுக்கு கழற்றும்போது இழுபட்டு அளவு மாறும்.

இப்போது கட்டரைத் தொடாதீர்கள். பென்சிலைச் சரித்துப் பிடித்து மெதுவாகத் தேயுங்கள். நாணயத்தின் மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரிதான். பட்டன் வளையம், கதவின் விளிம்பு, இணைப்புக் கோடு எல்லாம் தானாகத் தெரியும்.

டேப்பை ஒரே துண்டாகக் கழற்றி, தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டுங்கள். தட்டையாகப் படியாமல் சுருக்கம் விழுந்தால் அந்த இடம் இரண்டு பக்கமாக வளைகிறது என்று அர்த்தம். ஒரே துண்டாக அங்கே ஒட்டப் பார்த்தால் இழுக்க வேண்டிவரும். அச்சையே அந்தச் சுருக்கத்தில் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இணைப்பைக் கமராவில் ஏற்கனவே உள்ள கோட்டில் வரச் செய்தால் யாருக்கும் தெரியாது.

பென்சில் கோட்டிலிருந்து அரை மில்லிமீற்றர் உள்ளே வெட்டுங்கள். புதியவர்கள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். விளிம்புவரை மூடினால்தான் அழகு என்று நினைக்கிறார்கள். அரை மில்லிமீற்றர் குறைந்தால் கண்ணுக்குப் படாது. அரை மில்லிமீற்றர் கூடினால் அந்த ஓரம் விரலிலும் பையிலும் உரசி உரசிக் கிளம்பும்.

கடையில் மெசினால் வெட்டக் கொடுப்பதானால், அச்சுக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அந்த அளவில் ஒரு மில்லிமீற்றருக்குச் சுமார் 12 புள்ளிகள் வரும், நமக்குப் போதும். அடிமட்டம் எதற்கு என்றால், கடையில் ஃபைலைத் திறக்கும்போது பக்கத்துக்கு ஏற்றபடி படம் பெருத்தோ சிறுத்தோ போகும். திரையில் உள்ள 10 சென்ரிமீற்றர் உண்மையிலும் 10தானா என்று பார்த்தபிறகு வெட்டச் சொல்லுங்கள். முதல் வெட்டு மலிவான தாளில்.

கையால் வெட்டுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. அச்சை வினைலின் பின்பக்கத் தாளில் வைத்து வரைந்தால் துண்டு இடம் வலமாகிவிடும். பின்பக்கத்தில் வரைவதென்றால் அச்சைக் கவிழ்த்து வைத்து வரைய வேண்டும். இதை எழுதுகிற நானே போன வருடம்கூட ஒரு துண்டை இப்படி வீணாக்கினேன்.

5. மூடக் கூடாத இடங்கள்

ஒருநாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி வந்தான், முகமெல்லாம் வாடி. ஸ்கின் ஒட்டியதும் பின்பக்கத் திரை செத்துவிட்டதாம். திருத்தும் இடத்தில் திரையை மாற்றச் சொல்லி விலையும் சொல்லிவிட்டார்களாம். நான் கமராவை வாங்கி, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருந்த ஓரத்தைச் சுரண்டினேன். திரை எரிந்தது. வியூஃபைண்டரின் கீழோ பக்கத்திலோ கறுப்பாக ஒரு சின்னச் சென்சர் இருக்கும். அதை மூடினால் கண்ணை வைத்திருக்கிறோம் என்று கமரா நினைத்துத் திரையை அணைத்துவிடும்.

அதேபோல மைக் துளைகள், ஸ்பீக்கர் துளைகள், குவியத்துக்கு வெளிச்சம் அடிக்கும் முன்பக்க விளக்கு, பிளாஷ் பூட்டும் இடத்தின் உலோகத் தொடுகைகள் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வீடியோவுக்கென்று வந்த சில உடல்களில் காற்றாடி இருக்கும். அதன் காற்று வாயில் ஒரு நூலளவுகூட ஏறக் கூடாது.

லென்ஸ் பூட்டும் உலோக வளையத்தில் இன்னும் கவனம். வளையத்திலிருந்து உள்ளே படம் பதியும் சென்சர் வரையான தூரம் ஒவ்வொரு வளைய வகைக்கும் நிலையானது. நிக்கோன் எஃப் வகைக்கு 46.5 மில்லிமீற்றர், கெனன் இஎஃப் வகைக்கு 44, சொனி இ வகைக்கு 18. தாளின் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீற்றர். இது வளையத்தின் மேல் ஏறினால் லென்ஸ் சரியாக உட்காராது, தூரத்துக் காட்சிகள் கூர்மை இழக்கும். வளையத்துக்கு வெளியே ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

தொடர் எண் அச்சிட்ட இடத்தை மூடாதீர்கள். விற்கும்போதும் களவு போனால் பொலிசில் சொல்லும்போதும் அதைத்தான் கேட்பார்கள். அடியில் டிரைபொட் தட்டு வந்து இறுகும் இடத்தையும் நான் விட்டுவிடுகிறேன். இறுக்க இறுக்கத் தாள் நகரும், பசை பிதுங்கும், தட்டும் தளரும்.

6. அறையும் ஆளும்

காலை நேரம் நல்லது. ஏசி இருந்தால் சிறிது நேரம் முன்னதாகப் போட்டுவிடுங்கள். நம் வெக்கையில் பசை தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், தூக்கித் திரும்ப வைக்க அவகாசம் தராது. 25 பாகை அளவில் கொஞ்சம் பொறுமையாக இருக்கும். ஏசி இல்லாவிட்டாலும் ஒட்டும் நேரம் மட்டும் ஃபேனை நிறுத்துங்கள், அது கூரைத் தூசியைக் கொண்டுவந்து பசையில் போடும். வியர்த்தால் எழும்பிப் போய் முகத்தைத் துடைத்துவிட்டு வாருங்கள்.

கையைப் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவுங்கள். தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வைத்த நாளில் இந்த வேலை வேண்டாம், கை தானாகத் தலைக்குப் போகும். கோயிலுக்குப் போய்விட்டு வந்து அப்படியே குனிந்து உட்கார்ந்தால் நெற்றித் திருநீறு நேராகப் பசைப் பக்கத்தில் விழும். சிரிக்காதீர்கள், ஒரு துண்டில் உள்ளே வெள்ளைப் புள்ளிகளோடு இன்னும் ஒரு கமரா ஓடிக்கொண்டிருக்கிறது.

7. கழற்றித் துடைப்பது

பற்றரியையும் மெமரி கார்டையும் எடுங்கள். துடைக்கும்போது பட்டன்கள் அழுந்தும், கமரா தானாக இயங்கக் கூடாது. லென்ஸைக் கழற்றி உடனே உடல் மூடியைப் போடுங்கள். அது கடைசிவரை கழரக் கூடாது. தோள்பட்டியையும் கழற்றுங்கள். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துவையுங்கள், பிறகு எந்தத் துண்டு எங்கே என்று பார்க்க உதவும்.

துடைப்பதில் ஒழுங்கு முக்கியம்: முதலில் உலர்ந்தது, பிறகு தண்ணீர், கடைசியில் அல்கஹோல்.

காற்றுப் பந்தால் ஊதி, டூத் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தட்டுங்கள். காலிமுகத்திடலிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ படம் எடுத்த கமராவில் மணல் இல்லாமல் இருக்காது. அதை எடுக்காமல் ஈரத் துணியால் தேய்த்தால் மண்தாளால் தேய்த்த மாதிரி. வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

அடுத்தது, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வியர்வையிலும் கடற்காற்றிலும் வரும் உப்பு அல்கஹோலில் அநேகமாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அல்கஹோலால் மட்டும் துடைத்தால் எண்ணெய் போகும், உப்பு இடம் மாறிக் குந்தியிருக்கும். அதன்மேல் ஒட்டினால் மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரம் இழுத்துப் பசையை விடுவிக்கும்.

பிறகு வேறொரு துணியை அல்கஹோலில் நனைத்து இரண்டு தடவை. துணியில்தான் ஊற்ற வேண்டும், கமராவில் அல்ல. திரையையும் வியூஃபைண்டர் கண்ணாடியையும் தொடாதீர்கள், அவற்றின் பூச்சுக்கு அது ஒத்துவராது. இரண்டாவது தடவை துணி வெள்ளையாகவே வந்தால் போதும். பத்து நிமிடம் காயவிடுங்கள். இணைப்புக் கோடுகளுக்குள் போன ஈரம் வெளியே வர அந்த நேரம் வேண்டும்.

இதற்குப் பிறகு கமராவைத் துணியால்தான் பிடிக்க வேண்டும்.

8. உரிக்காமல் ஒரு சுற்று

எல்லாத் துண்டுகளையும் பின்தாளோடேயே அதனதன் இடத்தில் வைத்துப் பாருங்கள். பின்தாளில் பென்சிலால் இலக்கமும், மேல்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறியும் போடுங்கள். திரைக்கு இரண்டு பக்கமும் வரும் சிறு துண்டுகள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், உரித்த பிறகு அடையாளம் தெரியாது.

எங்காவது பெரிதாக இருந்தால் இப்போதே, மேசையில் வைத்து வெட்டுங்கள். கமராவில் ஒட்டிவிட்டு மிச்சத்தைக் கட்டரால் சீவுவது வாகனக் கடைகளில் பார்த்துப் பழகியது. அவர்களுக்கு அதில் பல வருடக் கை. நமக்குப் பிளேட் ஒரு தடவை கூடுதலாக அழுந்தினால் பெயின்ற் கிழிந்து உலோகம் தெரியும். கமராவின் மேல் பிளேட் படவே கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

9. எதற்குப் பிறகு எது

அடிப்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டுகள், முன்பக்கம், கடைசியில் மேல்பக்கம். பெரும்பாலானோர் கண்ணுக்குத் தெரியும் மேல்பக்கத்தில்தான் தொடங்க ஆசைப்படுவார்கள். வியூஃபைண்டர் மேடு இருக்கும் அந்த இடமே எல்லாவற்றிலும் கடினமானது. தட்டையான, யாரும் பார்க்காத அடிப்பக்கத்தில் கை பழகட்டும். அங்கே விடும் பிழைக்கு வெட்கப்படத் தேவையில்லை.

கதவுகள், மடியும் திரையின் முதுகு ஆகியவற்றுக்குத் தனித்தனித் துண்டு. உடலோடு சேர்த்து ஒரே துண்டாக ஒட்டினால் திறக்கும்போது கிழியும். கதவின் துண்டை முதலில் ஒட்டி, திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் துண்டுக்குப் போங்கள்.

10. ஒரு துண்டை ஒட்டும் விதம்

பின்தாளை முழுவதும் உரிக்காதீர்கள். ஒரு ஓரத்தில் ஒரு சென்ரிமீற்றர் மட்டும் உரித்து, அந்தப் பின்தாளை மடித்துவிடுங்கள். துண்டை ட்வீசரால் பிடியுங்கள், விரல் பட்ட பசை பிறகு பிடிக்காது.

நங்கூரம் போட ஒரு இடம் தேடுங்கள். பட்டனைச் சுற்றி வரும் வட்டம் இருந்தால் அதுதான் சிறந்தது. வட்டம் சரியாக உட்கார்ந்தால் மிச்சம் தானாக நேராகும். வட்டம் இல்லாவிட்டால் நீளமான நேர் விளிம்பு. அதைத் தொட்டு வைத்து, அழுத்தாமல், கமராவைத் தூரப் பிடித்துப் பாருங்கள். கோணல் இருந்தால் இப்போது தூக்கலாம். அழுத்திய பிறகு தூக்கினால்தான் தாள் இழுபடும்.

சரியென்றால் பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியிலிருந்து இழுத்தபடி, அட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். இந்த வகைப் பசை அழுத்தத்தால்தான் பிடிக்கிறது, ஆகவே வைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஓரத்தையும் தனியாக அழுத்த வேண்டும்.

கடைசி ஓரத்தில் துண்டு அரை மில்லிமீற்றர் குறைந்து நிற்கலாம். நிற்கட்டும். இழுக்காதீர்கள். அதிகமாகக் குறைந்தால் நங்கூரமே கோணல், நங்கூரம்வரை தூக்கித் திரும்ப வையுங்கள்.

சின்னக் குமிழிகளைப் பசை வாய்க்கால் உள்ள தாளில் அழுத்தினால் போய்விடும். வாய்க்கால் இல்லாத தாளென்றால் மெல்லிய ஊசியைச் சரித்துப் பிடித்து ஓரமாகக் குத்தி அழுத்துங்கள்.

ஓட்டோவுக்கு ஒட்டும்போது சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, தாளை நகர்த்தி நகர்த்திச் சரிபார்ப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு கமராவிலும் தண்ணீர் தெளித்த ஒருவரை எனக்குத் தெரியும். பட்டன் இடுக்குகளால் தண்ணீர் எங்கே போகும் என்று அவர் யோசிக்கவில்லை. கமராவுக்கு எப்போதும் உலர்ந்த முறைதான்.

11. வளைவும் மூலையும்

இங்கே சூடு வேண்டும், ஆனால் கமராவுக்கு அல்ல. பல கமராக்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 40 பாகை வரை என்று போட்டிருக்கும். கொழும்பில் ஒரு மத்தியானத்தில் அதிலிருந்து நாம் அதிக தூரத்தில் இல்லை. ஹீட் கன்னைக் கிட்டவே கொண்டுவராதீர்கள், அது நூற்றுக்கணக்கான பாகையில் ஊதும்.

ஹெயார் டிரையரை ஒரு சாண் தூரத்தில், துண்டின் கிளம்பிய ஓரத்தின் பக்கம் திருப்பி, மூன்று நான்கு விநாடி. புறங்கையை அதே இடத்தில் பிடித்துப் பாருங்கள். கை பொறுக்காவிட்டால் தாளுக்கும் அது அதிகம். இளகிய தாளை விரலால் வளைவின் மேல் படியவிட்டு, ஆறும்வரை விரலை எடுக்காமல் வைத்திருங்கள். தாள் புதிய வடிவத்தைப் பிடிப்பது ஆறும்போதுதான். சூட்டோடு விரலை எடுத்தால் பழையபடி நிமிரும். சூடாக்குவது வளைக்கத்தான், நீட்ட அல்ல.

மூலையில் தாள் மிஞ்சி மடிப்பு விழுந்தால் மடிப்பை அமுக்காதீர்கள். ஒட்டாத பக்கமாகத் தூக்கி, சின்னக் கத்தரிக்கோலால் மூலையை நோக்கி ஒரு வெட்டு. இரண்டு இதழும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மேலே உள்ளதைச் சிறிது குறையுங்கள். ஏறிய இதழ் எப்போதும் விரல் உரசும் திசைக்கு எதிராக நிற்கக் கூடாது. கூரை ஓடு தண்ணீருக்கு முதுகு காட்டுவதுபோல அது விரலுக்கு முதுகு காட்ட வேண்டும்.

12. பார்த்துவிட்டு ஒரு நாள் விடுங்கள்

ஒவ்வொரு பட்டனும் அழுந்தித் திரும்பி வருகிறதா, டயல்கள் உரசாமல் சுழல்கின்றனவா, கதவுகள் திறந்து மூடுகின்றனவா, திரை மடிகிறதா, டிஎஸ்எல்ஆரில் பிளாஷ் எழும்புகிறதா என்று பாருங்கள். பிறகு பற்றரி போட்டு, வியூஃபைண்டரில் கண்ணை வைத்து எடுத்து, திரை மாறி மாறி எரிகிறதா என்று பார்ப்பது கட்டாயம். கடைசியாக லென்ஸைப் பூட்டுங்கள். 'கிளிக்' சத்தம் முன்பு மாதிரியே வர வேண்டும்.

அப்புறம் 24 மணி நேரம் கமராவைத் தொடாதீர்கள். பசையின் முழுப் பிடி மணித்தியாலங்கள் போகப் போகத்தான் வரும். அன்றைக்கே பையில் போட்டு பஸ்ஸில் ஏறினால், இன்னும் இறுகாத ஓரங்களைத்தான் பையின் துணி முதலில் பிடிக்கும். சனிக்கிழமை கலியாணம் என்றால் வியாழக்கிழமைக்குள் ஒட்டி முடியுங்கள். மறுநாள் எல்லா ஓரங்களையும் விரலால் ஒரு தடவை அழுத்தி வாருங்கள். கிளம்பிய ஓரம் ஒன்றிரண்டு இருக்கும், அது சாதாரணம். அதே இடம் மூன்றாவது தடவையும் கிளம்பினால் அழுத்திப் பயனில்லை. அது இழுபட்ட துண்டு, அதை மட்டும் மாற்றுங்கள்.

13. கழற்றும்போது

சூடாக்கி, ஒரு மூலையை நகத்தால் எழுப்பி, தாளை அதன்மேலேயே மடித்தாற்போலப் பிடித்து மெதுவாக இழுங்கள். நேராக மேலே இழுத்தால் பெயின்றுக்கும் பசைக்கும் சண்டை வரும், பெயின்ற் தோற்கலாம். மிஞ்சும் பசைக்கு அல்கஹோலில் நனைத்த துணியை அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். பிடிவாதமான பசைக்குத் தேங்காய் எண்ணெய் வேலை செய்யும், ஆனால் துணி நுனியில் ஒரு பொட்டளவுதான், பட்டன்களுக்குக் கிட்ட வேண்டாம். உடனேயே அல்கஹோலால் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். அதை எடுக்காமல் விட்டால் அடுத்த ஸ்கின் ஒட்டுவதும் எண்ணெயில்தான்.